பெயர்த்தாளின் இடப்பக்கம்

மார்ச் 3, 2024, ஞாயிறு

வூலா சொல்லித்தான் இதைத் தொடங்குகிறேன். அவருடைய படத்தில் வேலை செய்கிற எல்லாரும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். எல்லாரும் என்றால் அவரும் நானும்தான், வேறு ஆள் இல்லை. என்னத்தை எழுதுவது என்று கேட்டேன். கமரா பார்க்காததை எழுது என்றார். எந்த மொழியில்? "எனக்கு விளங்காத மொழியில எழுது, அப்பதான் பொய் எழுதமாட்டாய்" என்றார். ஆகவே தமிழ்.

பெயர் விமலன். வயது நாற்பத்தேழு. மெல்பேர்னில் கல்யாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு வீடியோ எடுக்கிறவன். போன வருஷம் ஒரு கிரேக்க மாப்பிள்ளைக்கும் எங்கட பிள்ளை ஒன்றுக்கும் நடந்த கல்யாணத்தில், கேக் வெட்டுகிற நேரம் நான் கமராவைத் திருப்பி மூலையில் இருந்த கிழவிகளின் கைகளை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். பெண்ணின் தகப்பன் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா மாத்திரம் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, இதை எடுத்தவன் யார் என்று கேட்டு வந்தார். அவர்தான் வூலா.

ஐம்பத்தெட்டு வயது. கிழமையில் நாலு நாள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், மீதி நாள் படம். கிரேக்கத்திலிருந்து அறுபது வருஷத்துக்கு முன் கப்பலில் தனியாக வந்த குமர்ப்பிள்ளைகளைப் பற்றியது. வீட்டு வேலைக்கென்று ஆயிரக்கணக்கில் வந்தவர்கள். வூலாவின் தாய் கலியோப்பியும் அப்படி வந்தவர். ஏழு வருஷமாக எடுக்கிறார். ஜூன் பதினைந்தில் ஓக்லீயில் ஒரு மண்டபத்தில் முதல் காட்சி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இன்னும் பாதியும் வெட்டி முடியவில்லை.

மார்ச் 8, வெள்ளி

கலியோப்பி அம்மா வீட்டுக் குசினியில் படப்பிடிப்பு. எண்பத்தாறு வயது. நேரே நிமிர்ந்து நடக்கிறார். ஆங்கிலமும் கிரேக்கமும் கலந்து பேசுகிறார்.

வூலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் படமெடுக்கப் போனாலும் முதலில் அந்த வீட்டுக் கோப்பை சட்டி எல்லாம் கழுவிவைப்பார். பிறகுதான் கமராவைத் திறப்பார். தாயின் வீட்டிலும் அப்படியே. அதற்குப் பிறகு ஒரு சின்ன முக்காலியில், தாயின் முழங்கால் உயரத்தில் இருந்துகொள்வார். ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். நான் பதினைந்து வருஷமாக "சிரியுங்கோ, இஞ்சால பாருங்கோ" என்று கத்திப் படமெடுத்தவன். அந்த மௌனம் எனக்குப் பெரிய பாடம்.

நாளை அவர்களுக்கு ஆன்மாக்களின் சனிக்கிழமை. வருஷத்தில் நாலு சனி வருமாம். முதல் நாள் வீட்டில் ஒரு தாள் எழுதுவார்கள். நடுவில் மடித்து, மேலே சிலுவை போட்டு, இடப்பக்கம் உயிரோடிருப்பவர்களின் பெயர், வலப்பக்கம் போனவர்களின் பெயர். செத்தவர் என்று எழுதுவதில்லை, "உறங்குகிறவர்கள்" என்றுதான் எழுதுவார்களாம். அந்தத் தாளைப் பாதிரியார் கோயிலில் வாசிப்பார்.

கலியோப்பி அம்மா எழுதுவதை ஒரே மூச்சில் மூன்று நிமிஷம் எடுத்தேன். பெரிய பெரிய எழுத்து. எழுதி முடித்ததும் தாளைக் கமராப் பக்கம் திருப்பி, விரலால் நீவிவிட்டார். கண் மங்கல் என்றபடியால் பெரிதாக எழுதுகிறார் என்று நினைத்தேன். நான் இதுவரை எடுத்ததில் இதைவிட நல்ல காட்சி இல்லை. வூலா என் தோளில் தட்டினார்.

மார்ச் 9, சனி

கோயிலில் படமெடுத்தோம். அவித்த கோதுமையில் மாதுளம் முத்தும் சீனியும் போட்டு, மேலே மெழுகுதிரி குத்திக் கொண்டுவருகிறார்கள். சாப்பிடவும் தந்தார்கள். சுகந்தினிக்கும் ஒரு பை கொண்டுவந்தேன். நல்ல ருசி, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டிருக்கலாம் என்றாள். என் மனைவிக்கு உலகத்தில் எதிலும் ஒரு பிடி தேங்காய்ப்பூ குறையும்.

பாதிரியார் தாள் தாளாக நூற்றுக்கணக்கான பெயர்களை வாசித்தார். ஒரு மணித்தியாலம். ஒருவரும் அலுக்கவில்லை. தங்கள் ஆட்களின் பெயர் வருகிற இடத்தில் மாத்திரம் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து, பிறகு குனிந்தது.

பின்னேரம் அம்மா கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி எடுத்தா. வழமையான கேள்விகள். சாப்பிட்டனியோ, பிள்ளை படிக்கிறாளோ, சின்னவனுக்கு அர்ச்சனை செய்தனியோ. சின்னவன் என்றால் என் தம்பி. ஓமம்மா என்றேன்.

மார்ச் 13, புதன்

புல் வெட்டினேன். கூரைப் பீலியில் அடைபட்டிருந்த இலைகளை அள்ளினேன். ஒரு சாமத்திய வீட்டு அல்பம் முடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

வூலாவின் கராஜ்தான் எங்கள் எடிட்டிங் அறை. இன்று நான் தனியே இருந்து பெயர்த்தாள் காட்சிக்குக் கீழே எழுத்துப் போட்டேன். வூலா ஆங்கிலத்தில் எழுதித் தந்த பட்டியலை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். இடப்பக்கம்: வசிலிக்கி. ஸ்டவ்ரூலா. திமோஸ். அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு ஊரிலுள்ள சொந்தங்கள்.

ஸ்டவ்ரூலா என்பது எங்கள் வூலா. திமோஸ் அவருடைய தம்பி, பேர்த் நகரில் இருக்கிறார். வசிலிக்கியை எனக்குத் தெரியும், படத்தில் வருகிறார். கலியோப்பி அம்மாவின் தமக்கை எலேனியின் மகள், கிராமத்தில் இருக்கிறவர்.

தமக்கையின் மகள் ஏன் சொந்தப் பிள்ளைகளுக்கு மேலே நிற்கிறார்?

வேறொருவன் இதைக் கவனித்திருக்கமாட்டான். நான் சின்ன வயதிலிருந்து அம்மாவோடு அர்ச்சனை வரிசையில் நின்றவன். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால் அம்மா மூச்சுவிடாமல் சொல்லுவா: விமலன், உத்தரம். நிமலன், ரோகிணி. மூத்தது முதல், இளையது பிறகு, அதற்குப் பிறகுதான் மச்சாள், மருமக்கள். ஒருநாளும் ஒழுங்கு மாறாது. தாய்மார் மனசில் அந்த வரிசை அப்படியே இருக்கும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழைக்காது.

வூலாவிடம் வேறு வருஷத்துத் தாள்களின் படங்களும் இருந்தன. பார்த்தேன். எல்லாவற்றிலும் வசிலிக்கி முதலாவது.

மார்ச் 26, செவ்வாய்

சொல்லவில்லை. சொந்த வீட்டிலேயே நூறு ஓட்டை. ஊரார் வீட்டுக் கூரையை நான் ஏன் பிரிக்க வேண்டும்?

மார்ச் 30, சனி

சொல்லிவிட்டேன். வூலா சிரித்தார். அம்மாவுக்குத் தமக்கையென்றால் உயிர், அதுதான் அவள் பிள்ளையை மேலே போடுகிறா என்றார். நான் அர்ச்சனையைப் பற்றிச் சொன்னேன். மூத்தது முதல் என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. எழும்பிப் போய் தக்காளிக்குத் தண்ணீர் விட்டார். காலையில் மழை பெய்து பாத்தி நனைந்துதான் கிடந்தது. நெடுநேரம் விட்டுக்கொண்டே நின்றார்.

ஏப்ரல் 6, சனி

கலியோப்பி அம்மா வீடு. கோப்பைகள் கழுவியாயிற்று. நான் கமராவை வைத்தேன். வூலா கமராவைக் கழற்றி என் கையில் தந்து, மைக்கையும் தந்து, காருக்குள் போய் இரு என்றார். ஏழு வருஷமாகத் தேடின இடம் இதுதானே, இதை எடுக்காமல் எதை எடுப்பது என்று கேட்டேன். "முதல் நான் மகள். கேட்கவேண்டியதை மகளாக் கேட்கிறன்" என்றார்.

ஐம்பது நிமிஷம் காரில் இருந்தேன். உலகத்தில் எத்தனை படக்காரர் அந்தக் கமராவைக் கழற்றியிருப்பார்கள்? நான் கழற்றியிருக்கமாட்டேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது வூலா காரில் சொன்னார். கலியோப்பி அம்மாவுக்கு இருபத்தொரு வயதில், கல்யாணத்துக்கு முன் ஒரு பிள்ளை. தமக்கை எலேனிக்குக் குழந்தை இல்லை. பிள்ளை எலேனியின் பெயரில் பதிவானது. அவுஸ்திரேலியாவுக்கு வேலைக்காரப் பெண்களைச் சேர்த்த படிவத்தில், பிள்ளைகள் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிவிட்டுக் கப்பலேறினார். பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளிலும் முதல் பெயராக எழுதிவருகிறார்.

ஏன் முதலில் எழுதுகிறாய் என்றுதான் வூலா கேட்டாராம். அதற்குக் கலியோப்பி அம்மா சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். எனக்கு அவர் பேசுவது எப்போதும் எங்கள் ஊர் ஆச்சி ஒருத்தி பேசுகிறமாதிரித்தான் கேட்கும்.

"முதல் பிறந்ததை முதல்தானே எழுதுறது."

வூலா ஒரு இடத்தில் காரை நிறுத்தி அழுதார். கண் துடைக்க ரிஷ்யூப் பெட்டியைத் தேடினேன், இல்லை. கமரா துடைக்கிற துணியைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்பு. கோயிலுக்குப் போனோம். சுகந்தினியும் மகளும் அர்ச்சனை செய்தார்கள். நான் செருப்புக் காவல் நின்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பெயர்த்தாள் காட்சியை வெட்டச் சொன்னார். முழுதாக, மூன்று நிமிஷமும்.

நான் சண்டை பிடித்தேன். கீழே எழுத்துப் போடாமல் விடுவோம், ஒருவருக்கும் விளங்காது என்றேன். அதற்கு அவர் சொன்னது நியாயம். நீ ஒரு தமிழன், உனக்கே பிடிபட்டுவிட்டது. ஓக்லீ மண்டபத்தில் வந்திருக்கப்போவது இருநூறு கிரேக்கக் கிழவிகள், ஒவ்வொருத்தியும் வருஷத்தில் நாலு தரம் தாள் எழுதுகிறவள், ஒரு பார்வை போதும். நாளைக்கே கிராமத்துக்குத் தொலைபேசி போகும். வசிலிக்கிக்கு இப்போது அறுபத்தைந்து வயது. இன்னொருத்தியின் மகளாக வாழ்ந்து முடித்துவிட்டாள். "என்ர படத்துக்காக அவளின்ர தாயை நான் மாத்த ஏலாது" என்றார்.

படத்தின் உயிரே அந்த மூன்று நிமிஷம்தான். தன் கையால் வெட்டியெடுத்தார். நான் எழும்பி வெளியில் போய் நின்றேன். இந்த மனுசி எவ்வளவு பெரிய மனுசி என்று எழுதத்தான் எனக்குத் தெரிகிறது, வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவைக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். இல்லை, அவவைப் போட்டு வருத்த வேண்டாம் என்றார்.

மே 5, ஞாயிறு

அவர்களுக்கு உயிர்ப்புப் பெருநாள். சிவப்புச் சாயம் போட்ட அவித்த முட்டையை ஆளுக்காள் மோதி உடைக்கிறார்கள். கலியோப்பி அம்மாவின் முட்டையை எவராலும் உடைக்க முடியவில்லை. அவர் கள்ள விளையாட்டு என்று வூலா சொல்கிறார்.

மே 18, சனி

முள்ளிவாய்க்கால் நினைவு நாள். உப்புக்கஞ்சி குடித்தோம். வேறு ஒன்றும் எழுதவில்லை.

மே 19, ஞாயிறு

எழுதவேண்டியிருக்கிறது. வூலாவுக்கு விளங்காத மொழிதானே.

நிமலன் என் தம்பி. 2009இல் போரின் கடைசி நாட்களில், இராணுவத்திடம் சரணடைகிறவர்களை ஏற்றின பஸ்ஸில் ஏறினான். ஏற்றிவிட்டது அம்மா. பதிந்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று சொன்னதை நம்பி, அவனுடைய சேட் பொத்தானைப் பூட்டிவிட்டுக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஏற்றினா. பஸ் போனது. பதினைந்து வருஷம். நான் அப்போது இங்கே வந்து ஏழு மாதம். அம்மா இன்றைக்கும் அவன் படத்தோடு வீதியோரக் கொட்டகையில், பிள்ளைகள் எங்கே என்று கேட்கிற மற்றத் தாய்மாரோடு இருக்கிறா. மாதா மாதம் ரோகிணியன்று அவன் பெயருக்கு அர்ச்சனை.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு மோட்ச அர்ச்சனை செய்யப் போனேன். சீட்டு எழுதுகிறவர் வேறு பெயர் உண்டா என்று கேட்டார். நிமலன் என்று சொல்லிவிட்டேன். செத்தவர்களுக்குச் செய்கிற அர்ச்சனை அது. எனக்குக் களைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அம்மாவிடம் கேட்கவில்லை. சொல்லவுமில்லை. அவ கேட்கிறபோதெல்லாம் அர்ச்சனை செய்தேன் என்கிறேன். அன்றைக்குப் பிறகு நான் அர்ச்சனைச் சீட்டே எடுக்கவில்லை.

ஜூன் 15, சனி

மண்டபம் நிறைந்துவிட்டது. மேலதிகக் கதிரை போட்டார்கள். படம் முடிந்ததும் எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதார்கள். வூலா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் ஒரே ஒரு ஆள் எழும்பவில்லை. கலியோப்பி அம்மா. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வூலா இறங்கிவந்து குனிந்து என்ன என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்ர தாள் எங்க?"

வெட்டிவிட்டேன் அம்மா என்று வூலா மெதுவாகச் சொன்னார். உங்களுக்காகத்தான், வசிலிக்கிக்காகத்தான், அவளுக்குத் தெரியவந்தால் என்று தொடங்கினார். தாய் முடிக்க விடவில்லை.

"அவளுக்குத் தெரியும். எலேனி சாகேக்க சொல்லிப்போட்டுத்தான் செத்தவள். ஊருக்கே தெரியும். தெரியாம இருந்தது இஞ்ச நீயும் உன்ர தம்பியும்தான். கமராவுக்குத் தெரியட்டுமெண்டு பெரிய எழுத்தில எழுதினனான். திருப்பியும் காட்டினனான். எண்பத்தாறு வயசில ஒருக்காத் துணிஞ்சனான். என்னைக் கேளாமல் வெட்டிப்போட்டாய்."

வூலா நிலத்திலேயே இருந்துவிட்டார், தாயின் முழங்காலடியில், முக்காலி இல்லாமல். பிறகு எழும்பி, மேடைக்குப் போய், கைதட்டி முடியாத அந்தச் சனத்துக்குச் சொன்னார்: இந்தப் படம் முடியவில்லை. மூன்று நிமிஷம் குறைகிறது. நான் பயந்து எடுத்துவிட்டேன், என் தாய் பயப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை பின்னேரம் திரும்ப வாருங்கள்.

ஏழு வருஷத்து உழைப்புக்குக் கிடைத்த முதல் கைதட்டை நிறுத்தி, நான் பிழை விட்டேன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கலியோப்பி அம்மா அதற்குப் பிறகுதான் எழும்பினார். அவர்தான் கடைசியாகக் கை தட்டினார்.

ஜூன் 16, ஞாயிறு

வூலா வசிலிக்கியோடு தொலைபேசியில் பேசினார். இந்த முறை கேட்டார், போடலாமா என்று. வசிலிக்கி, தாளில் என் பெயர் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டாராம்.

காட்சியைத் திரும்பப் பொருத்தினேன்.

ஜூன் 21, வெள்ளி

நாளை வருஷத்தின் கடைசி ஆன்மாக்களின் சனி. கமராத் துணியைத் திருப்பித் தர வேண்டும் என்று வூலா தாயின் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கமரா கொண்டுபோகவில்லை. குசினியில் கோதுமை அவிந்துகொண்டிருந்தது. நான் கோப்பைகளைக் கழுவினேன்.

கலியோப்பி அம்மா தாளை மடித்து எழுதி முடித்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்து மடித்து, சிலுவை போட்டு, உன் ஆட்களைச் சொல்லு என்றார். என்னைச் சைவ சமயத்தவன் என்று வூலா சொன்னார். அதைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் தாய்.

அப்பாவின் பெயர் சொன்னேன், வலப்பக்கம். அம்மா, சுகந்தினி, மகள், இடப்பக்கம். வேறு? வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நிமலன் என்றேன், என் தம்பி. பேனை தாளுக்கு மேலே நின்றது. எந்தப் பக்கம் என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், பொத்தான், ஆடி அமாவாசை. முழுவதும் சொன்னது இதுதான் முதல் தடவை. சுகந்தினிக்குக்கூட ஆடி அமாவாசை தெரியாது. வூலா அடுப்பைத் தணித்தார்.

கலியோப்பி அம்மா கேட்டார்: "உன்ர தாய் எந்தப் பக்கம் வைச்சிருக்கிறா?"

உயிரோடு இருக்கிற பக்கம் என்றேன்.

"அப்ப அங்கதான். பெத்தவள் இருக்கேக்க நீ ஆர் மாத்துறதுக்கு?"

பெரிய எழுத்தில் எழுதினார்.

ஜூன் 22, சனி

கோயிலில் பின்வரிசையில் நின்றேன். பாதிரியார் வாசித்துக்கொண்டு வந்தார். யானிஸ், மரியா, கோஸ்தாஸ், பிறகு கொஞ்சம் தடக்கி, நிமாலன். என் தலை தானாக நிமிர்ந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் வரிசையில் தம்பியின் பெயரை அவ்வளவு பேருக்கு முன்னால் ஒருவர் வாசிக்க நான் பதினைந்து வருஷமாகக் கேட்டதில்லை. அழுதேன். பக்கத்தில் நின்ற கிழவி ஒரு பிடி கோதுமையை என் கைக்குள் வைத்தாள்.

பின்னேரக் காட்சியில் அந்த மூன்று நிமிஷத்துக்கு மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. இருநூறு கிழவிகளும் இடப்பக்கத்து முதல் பெயரை வாசித்தார்கள். ஒருத்தி எழும்பி வந்து கலியோப்பி அம்மாவின் கையைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எடுத்தேன். வெள்ளைக்காரக் கோயில் ஒன்றில் சின்னவனின் பெயரை வாசித்தார்கள் என்றேன். எந்தப் பெயர்களோடு என்று கேட்டா. உயிரோடு இருக்கிற ஆட்களின் பெயர்களோடு என்றேன். கொட்டகையில் யாரோ இருமுவது கேட்டது.

"ரோகிணி எண்டு சொன்னனியோ, அப்பு?"

அவர்களிடம் நட்சத்திரம் கேட்பதில்லை அம்மா என்றேன்.

"அப்ப அது காணாது. நாளைக்குக் கோயிலுக்குப் போய் வடிவாச் சொல்லு."

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். சீட்டு எழுதும் இடத்தில் போன வருஷம் இருந்த அதே மனுசன். நிமலன் என்று பெயர் சொன்னேன். என் முகம் ஞாபகம் இருந்திருக்கவேண்டும்.

"நிமலன், என்ன? மோட்ச அர்ச்சனைதானே?"

"இல்லை ஐயா. அர்ச்சனை. ரோகிணி நட்சத்திரம்."